மூட்டு நோவும் கிணற்று நீரும்

(நம் சங்கத்தின் திண்டுக்கல் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



செயலாளர் அவர்கள் சென்ற திங்கள் எம் இல்லம் போந்து, "இலக்கியம் இருக்கட்டும்; இம்முறை எலும்பு நோவையும் மூட்டு நோவையும் பற்றிப் பேசுக" என்று பணித்தபோது யாம் சிறிது திகைத்தோம். யாம் மருத்துவர் அல்லேம். பள்ளியிற் பிள்ளைகட்கு இலக்கணமும் செய்யுளும் கற்பித்துக் காலங்கழிக்கும் தமிழாசிரியரேம். ஆயினும், நம் கூட்டம் முடிந்து எழுங்கால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு "அப்பாடா" என்னாதவர் எத்தனை பேர் என முன்வரிசையை ஒருமுறை நினைந்து பார்த்தோம். விரல் மடக்கி எண்ணும் தொல்லையே நேரவில்லை. ஆகவே உடன்பட்டோம். கற்றறிந்த மருத்துவர் சிலரைக் கேட்டும், நூல்களைப் படித்தும் அறிந்தவற்றை ஈண்டுக் கூறுவோம்.

நம் ஊர்ப்புறங்களில் இந்நோய்கட்கெல்லாம் பெயர் ஒன்றே. தோள் பிடித்தாலும் வாயு. இடுப்புக் கடுத்தாலும் வாயு. விரல் வீங்கினாலும் வாயு. கால் மரத்தாலும் வாயு. யூகி முனிவர் பெயரால் வழங்கும் சித்த மருத்துவ நூல் வாத நோய்களை 80 என வகுக்கின்றது. எண்பதாகப் பிரித்தறிந்தவர் வழிவந்த நாம் எண்பதையும் ஒன்றாக்கி, அவ்வொன்றற்கும் ஒரே தைலத்தைத் தடவி வருகின்றோம். பெயர் ஒன்றாயின் மருந்தும் ஒன்றாகிவிடுகின்றது. இதனால் விளைந்த தீங்கினை யாம் எம் குடும்பத்திலேயே கண்டோம்.

எம் பெரிய தந்தையார் நிலக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் உழுதுண்டு வாழ்ந்தவர். நாற்பத்தைந்து வயதளவில் அவர்க்குக் கழுத்தும் முதுகும் விறைக்கத் தொடங்கின. பின்னின்று எவரேனும் அழைத்தால் தலையை மட்டும் திருப்ப மாட்டார். உடல் முழுவதையும் திருப்பி நிற்பார். ஐம்பத்தைந்து வயதில் நிலத்தை நோக்கிக் கவிந்துவிட்டார். வானத்தை அண்ணாந்து பார்த்தல் அவர்க்கு இயலாதாயிற்று. மேகம் இருண்டிருக்கின்றதா, மழை வருமா என்பதைச் சிறுவராயிருந்த எம்மைப் பார்த்துச் சொல்லச் சொல்வார். யாம் பொய் சொல்லி விளையாடியதும் உண்டு. அதனை இன்று நினைத்தால் நெஞ்சு சுடுகின்றது. நோயைப் பற்றிக் கேட்டால், "வாயுதானப்பா" என்பார். ஊராரும் அதனையே சொல்வர். அது வாயு அன்று. யாது என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

எலும்பு மருத்துவத்தை ஆங்கிலத்தில் 'ஆர்த்தோபீடிக்ஸ்' என்பர். இச்சொல்லை ஆக்கியவர் நிக்கோலா ஆந்திரி என்னும் பிரஞ்சு மருத்துவர், ஆண்டு 1741. கிரேக்க மொழியில் 'ஆர்த்தோஸ்' என்பது நேர்மை. 'பைஸ்' என்பது குழந்தை. குழந்தையை நேராக வளர்த்தல் என்பதே சொற்பொருள். வளைந்து வளரும் இளமரத்தை ஒரு கோலோடு சேர்த்துக் கட்டி நிமிர்த்தும் படம் அவர் நூலில் உள்ளது. இன்றும் எலும்பு மருத்துவர் சங்கங்கள் பலவற்றிற்கு அம்மரமே இலச்சினை. முதியோர் நோவுக்குரியதென நாம் கருதும் ஒரு மருத்துவம் குழந்தையின் பெயரைத் தாங்கி நிற்பதன் பொருத்தம், எம் பெரிய தந்தையார் வரலாற்றுக்கு மீளும்போது தங்கட்கு விளங்கும்.

முதலில் முழங்கால். இரண்டு எலும்புகள் கூடுமிடத்தில், அவை ஒன்றோடொன்று உராயாமல் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கின்றது. வயதாலும், உடற்பருமனாலும், பழைய அடிகளாலும் அது தேய்கின்றது. படியேறும்போதும் குந்தி எழும்போதும் நோகும். காலையிற் சிறிது விறைத்திருந்து, அரைமணி நேரத்திற்குள் தளரும். சின்னாளபட்டித் தறியில் ஆயுள் முழுவதும் கால்மிதித்தோரும், நம் நகரத்துப் பூட்டுப் பட்டறைகளிற் குந்தியிருந்து அரங்கொண்டு அராவினோரும் இதனை நன்கறிவர்.

இதற்கு முதல் மருந்து கடையில் விற்பதன்று. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோரடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகின்றது என அளந்து கண்டுள்ளனர். நாற்காலியில் அமர்ந்து, காலை நேரே நீட்டித் தொடைத் தசையை இறுக்கிச் சிறிது நேரம் நிறுத்தும் பயிற்சியை நாள்தோறும் செய்தல் வேண்டும். தொடைத் தசை வலுத்தால் மூட்டின் சுமையை அது பங்கிட்டுக்கொள்ளும். கைத்தடி ஊன்றுதலை நம்மவர் இழிவாகக் கருதுகின்றனர். ஊன்றுவோரும் நோகும் பக்கத்துக் கையிலேயே பிடிக்கின்றனர். அது பிழை. வலக்கால் நோகின் தடி இடக்கையில் இருத்தல் வேண்டும். இக்கூட்டத்திற்குத் தடியுடன் வந்துள்ள பெரியவர் மூவரில் இருவர் இப்போது கை மாற்றிக்கொள்வதைக் காண்கின்றோம், மகிழ்ச்சி.

அறுவையைப் பற்றியும் ஒரு செய்தி. தேய்ந்த மூட்டினுட் குழாய் விட்டுக் கழுவிச் சீவும் சிகிச்சை உலகெங்கும் மிகுதியாக நடைபெற்றது. அமெரிக்க நாட்டு ஹூஸ்டன் நகரத்தில் 180 பேரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி செய்தனர். சிலர்க்கு உண்மையான அறுவை. சிலர்க்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டனர். யார்க்கு எது என்பது நோயாளிக்குத் தெரியாது. 2002-ஆம் ஆண்டு முடிவு வெளியாயிற்று: இருசாராரிடையே யாதொரு வேறுபாடும் இல்லை! இவ்வாறு தன் தொழிலையே துலாக்கோலில் நிறுத்துப் பார்க்கும் துணிவு இம்மருத்துவத்திற்கு இருத்தலின், அதன் சொல்லை யாம் மதிக்கின்றோம். மூட்டு முற்றுந் தேய்ந்து, இரவு உறக்கமும் இன்றி, நடையும் அற்றார்க்குச் செயற்கை மூட்டுப் பொருத்துதல் நற்பயன் தருவது. 2017 ஆகஸ்டு மாதத்தில் இந்திய அரசின் விலை ஆணையம் பெரிதும் பயன்படும் செயற்கை முழங்கால் மூட்டிற்கு ரூ. 54,720 என உச்சவிலை வரையறுத்தது. அதற்குமுன் அதன் இரு மடங்கிற்கு மேலும் வாங்கினர். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இவ்வறுவைக்கு இடமுண்டு. நிலத்தை விற்குமுன் இவற்றைக் கேட்டறிக.

இனி, தேய்மானம் அல்லாத மூட்டு நோய் ஒன்று. இளமையிலும் வரும், பெண்டிரையே மிகுதியாகப் பற்றும். இருகை விரல்களின் சிறு மூட்டுகளும் மணிக்கட்டும் வீங்கும். காலையில் ஒரு மணி நேரத்திற்கு மேலும் விரல் மடங்காது. முடக்குவாதம் என்பது இதுவே. உடலின் காவற்படை தன் மூட்டுகளையே பகையென்று கருதித் தாக்குவதால் வருவது. தொடக்கத்திலேயே மருந்துண்டால் விரல்கள் கோணாமற் காக்கலாம். காலந்தாழ்த்தினாற் கோணிய விரலை மருந்து நிமிர்த்தாது. இதற்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரை வாரத்தில் ஒரே நாள் உண்பதற்குரியது. நாள்தோறும் உண்டால் உயிர்க்கே கேடு. வீட்டில் எழுத்தறியாத முதியோர் இருப்பின் பிள்ளைகள் அந்நாளைச் சுவரில் எழுதி வைத்தல் நன்று.

இடுப்பு நோவு பெரும்பாலார்க்குச் சில வாரங்களில் தானே தணியும். படுத்தே கிடத்தல் அதனை வளர்க்கும். விடியுமுன் குனிந்து மல்லிகை கொய்யும் நம் மகளிர்க்கு இது நாட்பட்ட தோழமை. ஆயின் நோவோடு சிறுநீர் அடைத்தலோ, இருக்கும் இடம் மரத்தலோ, பாதம் தொங்குதலோ காணின் அன்றே மருத்துவமனைக்குச் செல்க. மறுநாள் என்பது இல்லை. மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்த முதுகு நோவு முள்ளெலும்பிற் காசநோயாக இருத்தல் கூடும். அது மாத்திரையாலேயே தீரத்தக்கது. நீரிழிவுடையார்க்குத் தோள் இறுகிக் கை மேலெழாது போவதும் உண்டு. பொறுமையும் பயிற்சியுமே அதற்குச் சிகிச்சை.

எலும்பு முறிவைப் பற்றிச் சொல்லும்போது நாட்டுக்கட்டு வைத்தியரைச் சொல்லாது போதல் நன்றியன்று. ஆந்திர நாட்டுப் புத்தூர்க் கட்டின் புகழ் நம் மாவட்டம் வரை பரந்துள்ளது. இங்கும் தலைமுறை தலைமுறையாக மூங்கிற் பத்தை வைத்துக் கட்டும் குடும்பங்கள் உண்டு. ஆங்கில மருத்துவர் சிலர் அவரை ஏளனம் செய்தல் கண்டு யாம் வருந்துவதுண்டு. ஏனெனில் அவர்தம் எலும்பு மருத்துவமே ஓர் எலும்புக்கட்டுக் குடியிற் பிறந்தவரால் வளர்ந்தது. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தில் ஈவான் தாமஸ் என்றொரு கட்டு வைத்தியர் இருந்தார். பட்டம் பெறாதவர் என்று மருத்துவர்களால் வழக்குகட்கு இழுக்கப்பட்டார். அவர் சினங்கொண்டு வாளாவிருந்தாரில்லை. தம் புதல்வர் ஐவரையும் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார். மூத்தவர் ஹியூ ஓவன் தாமஸ் (1834-1891). குலக்கல்வியும் கல்லூரிக் கல்வியும் அவரிடத்திற் கூடின. அவர் அமைத்த தாங்குசட்டத்தை அவர் மருகர் ராபர்ட் ஜோன்ஸ் முதல் உலகப்போரிற் பரப்பினார். தொடையெலும்பு முறிந்த வீரர் 100 பேரில் 80 பேரளவில் மடிந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்போர் 20 பேருக்கும் குறைவாயினர். அச்சட்டம் இன்றும் நம் ஆஸ்பத்திரிகளில் தாமஸ் பெயராலேயே வழங்குகின்றது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. இறுகக் கட்டிய கட்டு, நாட்டுக் கட்டாயினும் மாவுக்கட்டாயினும், குருதியோட்டத்தை நிறுத்திக் கையையே கொல்லும். முழங்கை முறிந்த சிறுவர்க்கு இவ்விடர் மிகுதி. 1881-இல் வோல்க்மன் என்னும் செருமானிய அறுவை மருத்துவர் இதனை விளக்கி எழுதினார். பருந்தின் நகம்போல் வளைந்து மரத்துப்போன அக்கைக்கு இன்றும் அவர் பெயரே. கட்டுப் போட்டபின் விரல் நீலித்தாலும், குளிர்ந்தாலும், மரத்தாலும், விரலை நீட்டும்போது பொறுக்கலாகா நோவு எடுத்தாலும், நள்ளிரவாயினும் கட்டைத் தளர்த்துக. ஆறு மணி நேரம் கழிந்தால் தசை இறந்துபடத் தொடங்கும். "வைத்தியர் வரும்வரை தொடவேண்டா" என்று காத்திருந்தோர் இழந்த கைகள் பல.

இனி எம் பெரிய தந்தையாரிடம் மீள்வோம். கடைத்தெருவில் ஒருவர் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்த மாத்திரையை அவர் ஈராண்டு உண்டார். முதற் கிழமையே நோவு பறந்தது; முகமும் பருத்துப் பொலிந்தது. ஊரார் வியந்தனர். அப்பொட்டலத்தில் இருந்தது ஸ்டீராய்டு என்பது பின்னரே தெரிந்தது. மருத்துவர் அளந்து தரும்போது உயிர்காக்கும் அம்மருந்து, அளவின்றி உண்போர்க்கு எலும்பை நொய்யதாக்கும். தொடையெலும்பின் தலைப்பகுதிக்குச் செல்லும் குருதியை நிறுத்தி அதனை மடியவும் செய்யும். திடீரென நிறுத்துதலும் இடரே. உண்ணும் பொட்டலத்தின் பெயர் தெரியாவிடின் அதனையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்க.

கடைசியில் மதுரையில் அவர்க்கு எக்ஸ்ரே எடுத்தனர். சாதாரணமாக மங்கலாகத் தெரியும் முள்ளெலும்புகள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைவெளேரென்று விளங்கின. எலும்புகளைப் பிணிக்கும் நார்கள் தாமும் எலும்பாகியிருந்தன. இளைஞரை முதுகு விறைக்கச் செய்யும் வேறொரு வாத நோயும் உண்டாகலின், மருத்துவர் முன்கையையும் படம் எடுத்துப் பார்த்தார். முன்கையின் இரண்டு எலும்புகட்கு இடையேயுள்ள மெல்லிய சவ்விலும் சுண்ணாம்பு படிந்திருந்தது. "எந்த ஊர்? எந்தக் கிணற்று நீர் குடிக்கின்றீர்?" என்பது மருத்துவர் கேட்ட முதற் கேள்வி. நோய்க்கும் கிணற்றுக்கும் என்ன தொடர்பென்று உடன்சென்றோர் விழித்தனர்.

தொடர்பு இதுதான். நம் சமவெளியின் அடியிற் கிடக்கும் கடும்பாறைகளில் ப்ளோரைடு என்னும் உப்புப் பொருள் அடங்கிய கனிமங்கள் உள்ளன. நீர் அப்பாறையோடு நெடுங்காலம் தங்கினால் அது நீரிற் கரைகின்றது. ஆதலின் மழைநீர் ஊறும் மேற்கிணற்றினும் ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே அது பெரும்பாலும் மிகுதி. நிறமில்லை, நாற்றமில்லை, சுவையாலும் அறியலாகாது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை தகும். வேறு நீர் இல்லாவிடின் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்திய அளவுகோல். நிலக்கோட்டை முதலிய பகுதிகளின் நிலத்தடி நீரிற் பலவிடத்து இவ்வளவு மீறியிருத்தலை ஆராய்ச்சியாளர் அளந்து வெளியிட்டுள்ளனர்.

இந்நோய் நம் நாட்டில் முதன்முதலிற் புலப்பட்டதும் பழைய சென்னை மாகாணத்திலேயே. நெல்லூர் ஜில்லாவின் மேற்குப் பகுதியில் உழவு மாடுகள் கால் விறைத்து நடக்க மாட்டாமை கண்டு உழவரே முதலில் ஐயுற்றனர் என்பர். மாட்டுக்கு வந்தது மனிதர்க்கும் வந்திருந்தது. கிண்டியிலுள்ள கிங் நிலையத்தின் தலைவராயிருந்த ஷார்ட் என்பாரும் உடனிருந்தோரும் ஆராய்ந்து, குடிநீரின் ப்ளோரைடே காரணமென 1937-இல் வெளியிட்டனர். பின்னர் 1973-இல் நல்கொண்டாப் பகுதிச் சிறாரின் முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டும்படி உட்புறம் வளைந்திருத்தலை ஐதராபாத்து ஊட்டச்சத்து நிலையத்தார் எழுதினர். முதியோர் முதுகு மட்டுமன்று; குழந்தையின் காலும் கோணுகின்றது. ஆந்திரி எழுதிய இளமரம் ஈண்டு நினைவுக்கு வருகின்றது.

இவ்விடத்தில் எம் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பத்தாண்டுகட்கு முன், யாம் பணிபுரிந்த பள்ளியில் ஒரு மாணவியின் பற்களிற் பழுப்புக் கோடுகள் படிந்திருந்தன. செய்யுள் ஒப்பிக்கும்போதும் வாயைக் கையால் மூடிக்கொள்வாள். யாம் வகுப்பார் முன்னிலையில், "பல் துலக்கி வருதல் வேண்டும், தூய்மை கல்வியின் முதற்படி" என்று அவளைக் கண்டித்தோம். அவள் தலைகவிழ்ந்து நின்று, "ஐயா, எங்கள் தெருவில் எல்லார்க்கும் இப்படித்தான்" என்றாள். அதனையும் சாக்குப்போக்கு என்றே கொண்டோம். எட்டு வயதிற்குள், பல் உருவாகுங்காலத்திற் குடித்த நீரே பல்லின் வெண்மையைக் கெடுக்கின்றது, துலக்கினாற் போவதன்று. அவள் பல்லும் எம் பெரிய தந்தையார் முதுகும் ஒரே நோயின் தொடக்கமும் முடிவும் ஆம். அவர் அப்போது உயிரோடிருந்தார். இரண்டையும் நாள்தோறும் கண்டிருந்தும் யாம் சேர்த்துப் பார்த்தோம் இல்லை. அம்மாணவியிடம் பின்னர் மன்னிப்புக் கேட்டோம். அவள் சிரித்தாள், கையால் வாயை மூடிக்கொண்டே.

முதிர்ந்த ப்ளோரைடு நோயை மாற்றும் மருந்து இல்லை. கோணிய காலை எலும்பை வெட்டி நிமிர்த்தலாம். முள்ளெலும்பு பருத்து உள்ளிருக்கும் நரம்புத் தண்டை நெருக்கிக் கால் வலுவிழந்தால், அறுவை மருத்துவர் எலும்பை விலக்கி இடந்தரலாம். எல்லார்க்கும் அது கைகூடுவதில்லை. எம் பெரிய தந்தையார்க்குக் காலங் கடந்துவிட்டதென்றனர். இறுதி மூன்றாண்டுகள் கட்டிலிலேயே கழிந்தன.

ஆயின் வருமுன் தடுத்தல் எளிது. நீரைக் காய்ச்சினாற் போகும் என்று பலர் எண்ணுகின்றனர், போகாது. காய்ச்சக் காய்ச்ச நீர் குறைந்து ப்ளோரைடு செறிகின்றது. படிகாரமும் சுண்ணாம்பும் இட்டுத் தெளியவைக்கும் முறை நாகபுரி ஆராய்ச்சி நிலையத்தாரால் வகுக்கப்பட்டு நல்கொண்டா முறை எனப் பெயர்பெற்றது, அளவறிந்து செய்யவேண்டும். சவ்வூடு பரவலால் நீரைத் தூய்மையாக்கும் பொறி பெரும்பகுதியை நீக்கும். மழைநீரில் ப்ளோரைடு மிகக் குறைவு. கூரைநீரைத் தொட்டியில் தேக்கி, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் பயன்படுத்தினாற் போதும், குளிக்கக் கிணற்று நீரே ஆகும். ஆற்றுநீர்க் குழாய் வரும் ஊரார், அது நாள்விட்டு வருகின்றதே என்று சலித்து ஆழ்துளை நீரைக் குடித்தல் வேண்டா. பாலும் கேழ்வரகும் நெல்லிக்காயும் குழந்தைகட்கு மிகுதியாகத் தருக. சுண்ணச்சத்துக் குறைந்த உடலையே இந்நோய் எளிதிற் பற்றும்.

நம் சங்கத்தார் 60 பேருக்கு மேல் நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, வேடசந்தூர்ப் பக்கங்களில் வாழ்கின்றனர். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் நீரைச் சோதித்துத் தருவர். செயலாளர் அவர்களோடு கலந்து ஓர் ஏற்பாடு செய்துள்ளோம். வரும் மாதக் கூட்டத்திற்கு வருவோர் ஒவ்வொருவரும் தாம் குடிக்கும் கிணற்று நீரை, நன்கு அலம்பிய ஒரு லிட்டர்ப் பிளாஸ்டிக் புட்டியில் நிரப்பி, ஊர், தெரு, கிணற்றின் ஆழம், எடுத்த நாள் ஆகியவற்றை எழுதி ஒட்டிக் கொணர்க. தெருவில் வேறு குலத்தார் வீட்டுக் கிணறாயினும் அதனையும் கொணர்க. நீர் எடுக்குமுன் சிறிது நேரம் இறைத்துவிட்டு எடுத்தல் வேண்டும். கட்டணத்தைச் சங்கம் ஏற்கும். உடன் வரும் பிள்ளைகளின் பற்களை யாம் பார்ப்போம். யாரையும் கண்டிக்க மாட்டோம்.